ஊசியின் மூடி

“மூடி எங்கே?”

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் வாயிலிருந்து மூடியை எடுக்க வேண்டும்.

டியூட்டர் மேடம் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் இரும்புக் கட்டில், அதில் மார்பு வரை போர்த்திய ரப்பர் பொம்மை. நர்ஸிங் பள்ளி மாணவிகள் அந்தப் பொம்மையை மாப்பிள்ளை என்பார்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும், எத்தனை பேர் குத்தினாலும் வாய் திறக்காது என்பதால் வந்த பெயர். மாப்பிள்ளையின் புஜம் ஸ்பிரிட்டில் பளபளத்தது. அவளுடைய வலது கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச், இடது கையில் பஞ்சு. ஊசியின் பிளாஸ்டிக் மூடி உதடுகளுக்கு நடுவில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி மூக்கால் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்தார்கள்.

“சத்தம்,” என்றார் மேடம். அவள் பக்கம் திரும்பி, “துப்புங்க,” என்றார்.

அவள் உள்ளங்கையில் துப்பினாள்.

“இது வார்டா இருந்தா என்ன ஆயிருக்கும்?”

“தப்புதான் மேடம்.”

“தப்புன்னு எனக்கும் தெரியும். என்ன ஆயிருக்கும்னு கேட்டேன்.”

அவள் சொன்னாள். வாயில் எத்தனை வகைக் கிருமி இருக்கும், எச்சில் பட்ட மூடி எதையெல்லாம் தொடும், தொட்டது நோயாளியின் ரத்தத்துக்கு எப்படிப் போகும், நோயாளியின் கிருமி எந்த வழியாகத் திரும்பி வரும். புத்தகத்தில் இருந்த வரிசை மாறவில்லை.

“எல்லாம் தெரிஞ்சிருக்கு,” என்றார் மேடம். “தெரிஞ்சு என்ன பிரயோஜனம். அடுத்தது யாரு, வாங்க.”

மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். அவளுக்கு நாற்பத்திரண்டு. வகுப்பில் மற்றவர்களுக்குப் பத்தொன்பது, இருபது. அவளை எல்லோரும் டெய்லரக்கா என்றார்கள். பதினெட்டு வருடம் தையல் கடை வைத்திருந்தவள். இதே பள்ளியின் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தவள். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பெண்களின் தோளையும் இடுப்பையும் அளந்து, தைத்து, மூட்டை கட்டிக் கொண்டுவந்து வாசல் மேஜையில் இறக்கிவிட்டுப் போவாள். ஒரு வருடம் பள்ளி ரெடிமேட் சீருடைக்கு மாறிவிட்டது. பாக்கித் துணியைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று, பெண்களுக்கு வயது வரம்பைத் தளர்த்தியிருப்பதாகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வெகுநேரம் நின்று படித்தாள். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவள்தான்.

அந்தச் சீருடையை இப்போது அவளே போட்டிருந்தாள். ரெடிமேட். அக்குளில் பிடித்தது. பிரித்துத் தைக்க அவளுக்கு நேரமில்லை.

பதினெட்டு வருடமும் அவள் வாயில் குண்டூசி இருந்தது. ஒன்றல்ல, நான்கைந்து. துணியை இடது கையால் பிடித்து வலது கையால் மடிக்கும்போது ஊசியை வைக்க வேறு இடம் கிடையாது. வாடிக்கைக்காரர்கள் பேசுவார்கள், அவள் ‘ம்’ என்பாள். அவளிடம் மூன்று விதமான ‘ம்’ இருந்தது. ஒன்று சரி. ஒன்று முடியாது. மூன்றாவது, வியாழக்கிழமை வாங்க. மூன்றையும் எல்லோரும் சரியாகப் புரிந்துகொண்டார்கள். கல்யாணமான புதிதில் பெண் ஊமை என்பதை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று பயந்ததாக அவள் புருஷன் இன்றைக்கும் சொல்வான்.

ஊசி போடும் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு, அதில் முதலாவது இப்படிப் போனது. தேறியவர்கள் வார்டுக்குப் போகலாம். தேறாதவர்கள் புதிதாக வந்திருக்கும் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதல் வருடத்தைத் திரும்பவும் ஓட்ட வேண்டும். மற்றப் பெண்களுக்கு அது ஒரு வருடம் போவதோடு சரி. அவளுக்கு அப்படியில்லை. பள்ளியை நடத்தும் ஆஸ்பத்திரி படித்து முடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களை எடுக்காது. அவள் இந்தக் கூட்டத்தோடு படிப்பை முடித்தால் சில மாதங்கள் மிச்சம் இருக்கும். ஒரு வருடம் நழுவினால் கதவு சாத்தியாகிவிடும்.

இரண்டாவது தேர்வுக்கு முன்னால் குருவி ஒரு யோசனை சொன்னாள். குருவி என்பது பயிற்சியில் அவளுக்கு ஜோடியாகப் போட்டிருந்த பெண். பத்தொன்பது வயது, தோள் உயரம்கூட வரமாட்டாள், தூக்கத்தில் மட்டும்தான் பேசாமல் இருப்பாள் என்று பேர்.

“அக்கா, மாஸ்க் போட்டுக்கோங்க. வாயே கிடையாது. மூடி எங்க போகும்?”

போட்டுக்கொண்டாள். அறையில் அவள் ஒருத்திதான் மாஸ்க். மேடம் பார்த்தார். அவள் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தாள், ஊசியின் மூடியைக் கழற்றினாள், மருந்தை உறிஞ்சினாள். வெள்ளெழுத்து. சிரிஞ்சின் கோடுகளைப் பார்க்கக் கையை எட்ட நீட்ட வேண்டியிருந்தது. காற்றை வெளியேற்றினாள். அந்த நேரத்தில் இடது கை தன்பாட்டுக்கு மேலே போய், மூடியை மாஸ்க்கின் மேல் வைத்து அழுத்தி, விட்டது. மூடி தரையில் விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுத்தாள்.

குனிந்தபோதே தெரிந்துவிட்டது. கீழே விழுந்ததைத் தொட்ட கையால் இனி எதையும் தொடக்கூடாது. ஆனால் விழுந்த ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிற தையல்காரி உலகத்தில் கிடையாது.

“ஒரு தப்புக்குப் பதிலா இப்ப ரெண்டு,” என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “இன்னொன்னும் சொல்றேன். ரெண்டு தடவையும் பேஷன்ட்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசல. ஊசி போடப் போறேன்னாவது சொல்லணுமா இல்லையா?”

“சொல்லணும் மேடம்.”

“அதுக்கும் மார்க் போச்சு.”

வீட்டில் தலையணையை நோயாளியாக்கினார்கள். பேனாதான் சிரிஞ்ச். மகள் மரக்கரண்டியோடு எதிரில் உட்கார்ந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், அவளுக்கும் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பேனா மூடி வாய்ப் பக்கம் போகும்போதெல்லாம் முழங்கையில் ஒரு தட்டு.

“போகுது, போகுது. அம்மா, போகுது.”

“தெரியுது.”

“தெரிஞ்சா ஏன் போகுது?”

“என்னைக் கேட்டா? கையைக் கேளு.”

“நான் கணக்குல கோட்டை விட்டா நீ என்ன சொல்லுவ? மனசு வேற எங்கயோ இருக்குன்னுவ. எங்க இருக்கு உன் மனசு?”

“மரியாதையாக் கரண்டியைப் பிடி.”

புருஷன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான், கையில் கிரீஸ் வாசனை.

“அவளைத் திட்டாத,” என்றான் மகளிடம். “தொழில்காரன் கை அப்படித்தான். நான் எதையும் புறங்கையாலதான் தொடுவேன், பாத்திருக்கியா? உள்ளங்கையால தொட்டா, கரண்ட் இருந்தா கை இறுக்கிப் பிடிச்சுக்கும். புறங்கைன்னா உதறிடும். நீ பொறந்தப்ப நர்ஸ் கொண்டுவந்து காட்டுது, நான் புறங்கையால தொட்டுப் பாக்கறேன். குழந்தை சுடுதான்னு பாக்கறீங்களான்னு அது கேட்டுச்சு.”

மகள் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

“நீங்க அதுக்குப் பரீட்சை எழுதறீங்களா?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப போய்க் குளிங்க.”

குளித்துவிட்டு வந்து அவனும் ஒரு யோசனை சொன்னான். விரல் சூப்புகிற குழந்தைக்குக் கசப்பு தடவுவதுபோல மூடியில் எதையாவது தடவினால் என்ன. மகள் காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்து, குழைத்துத் தடவினாள். முதல் தடவை அவள் முகம் சுளித்துத் துப்பினாள். இரண்டாம் தடவையும் துப்பினாள். அதற்கப்புறம் கசந்துகொண்டே வாயில் இருந்தது. அவள் பாட்டுக்குத் தலையணையில் குத்திக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அம்மாவுக்கு இது பிடிச்சிருக்கு போல,” என்றாள் மகள்.

அவள் பேனாவைச் சுவரில் வீசினாள். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

படிப்பென்றால் அவளுக்குப் பயமில்லை. எலும்புகளின் பெயர்களைக் காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். குருவியும் மற்றவர்களும் முந்தின ராத்திரி போனில் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்கள், இவள் ஒரு வாரம் படிப்பாள். மார்க்கில் பெரிய வித்தியாசம் இருக்காது. நாள் முழுக்க நிற்பதற்கு முழங்கால் ஒத்துழைக்காது, அதற்கும் ஒரு தைலம் வாங்கி வைத்திருந்தாள். கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கியாயிற்று. எல்லாவற்றுக்கும் ஒன்று இருந்தது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள் என்றால் கற்றுக்கொள்ளலாம். தெரிந்ததை மற என்றால் எங்கே போய் உட்கார்ந்து மறப்பது என்று அவளுக்குப் புரியவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து குருவியிடம் இதைத்தான் சொன்னாள். குருவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் யோசிப்பது அபூர்வம்.

“அக்கா, நீங்க பேசவே மாட்டேங்கறீங்களே, அதுதான் விஷயம்.”

“என்ன விஷயம்?”

“பேசற வாய் எதையும் கவ்வாது. நான் எதையாவது வாயில வெச்சுப் பாத்திருக்கீங்களா? இடமே இருக்காது.”

“சோறு வைக்கற.”

“அப்பவும் பேசறேன்ல? மாப்பிள்ளைகிட்டப் பேசுங்க. மேடம் கேட்டதும் அதுதானே. மூடியைக் கழட்டறதுல இருந்து வாயை மூடாதீங்க.”

“என்னத்தைப் பேச?”

“ராத்திரி தூங்குனீங்களான்னு கேளுங்க. வலி எப்படி இருக்குன்னு கேளுங்க. மழை வருமான்னு கேளுங்க. பேச ஒண்ணுமில்லைன்னு சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.”

அன்று சாயங்காலம் தலையணையோடு பேசினாள். முதலில் வெட்கமாக இருந்தது. ராத்திரி தூங்கினீர்களா என்றாள். அடுத்த அறையிலிருந்து புருஷன், “எங்க, நீதான் விளக்கை அணைக்கலையே,” என்றான்.

“உங்ககிட்ட இல்ல.”

“பின்ன யார்கிட்ட?”

“பேஷன்ட்கிட்ட.”

“பேஷன்ட் சாப்பிட்டாரா?” என்றான். மகள் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

ஆனால் மூடி பக்கத்தில் வைத்திருந்த தட்டுக்குப் போனது. பேசிக்கொண்டே கழற்றினாள், கை தாழ்ந்து தட்டில் வைத்தது. இன்னொரு முறை செய்தாள், அப்போதும் தட்டில்தான். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்தாள். இரண்டு நாளில் வாயின் பக்கம் கை போவது அடியோடு நின்றுவிட்டது. கட்டிலுக்கடியில் புகுந்து, அன்று வீசிய பேனாவை எடுத்து வெளியே வைத்தாள்.

மூன்றாவது தேர்வன்று மாஸ்க் போடவில்லை. கட்டிலருகே போய் நின்றாள்.

“ஐயா, வணக்கம். ராத்திரி தூங்கினீங்களா?” என்றாள். சுவரோரம் யாரும் சிரிக்கவில்லை. “டாக்டர் ஒரு ஊசி எழுதியிருக்காரு. வலிக்குத்தான். இப்பப் போட்டுடலாம். கை கழுவிட்டு வந்துட்டேன்.”

குப்பியின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். “கொஞ்சம் கையைத் தளர்த்தி வெச்சுக்கோங்க. இறுக்கினா வலிக்கும். நீங்க எந்த ஊரு, வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?” மூடியைக் கழற்றினாள். மூடி தட்டில் விழுந்து சன்னமாகச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தன் முதுகு முழுக்கப் பரவுவதை உணர்ந்தாள். மேடத்தின் பேனா காகிதத்தில் ஓடியது. “ஸ்பிரிட் கொஞ்சம் சில்லுனு இருக்கும். ஒரு சின்னக் குத்து, எறும்பு கடிச்ச மாதிரி. ஆச்சு. ஆச்சு. அவ்வளவுதாங்க ஐயா.”

ஊசியை வெளியே இழுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். “தேய்க்காதீங்க, அழுத்திப் பிடிங்க,” என்றாள். போர்வையை இழுத்து மாப்பிள்ளையின் தோள்வரை மூடி, சுருக்கத்தை நீவிவிட்டாள். முடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, குறிப்பு எழுதப் பலகைப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா,” என்றாள் குருவி, மூச்சுவிடுகிற சத்தத்தில்.

அவளுடைய விரல்கள் உடனே உதட்டுக்குப் போயின. தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிம்மதியாக இருந்தது. குருவியைப் பார்த்துத் தலையாட்டினாள். குருவி அவளைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடம் எழுந்து வந்து போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். மெத்தையின் விளிம்பில் ஊசி குத்தி நின்றது. சிரிஞ்ச் செங்குத்தாக, சாயாமல், அழகாகக் குத்தியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில், உபயோகித்த ஊசிகளைப் போட வேண்டிய பெட்டி திறந்தபடி இருந்தது.

“இது என்ன?”

அவள் பார்த்தாள். போர்வையை இழுத்து மூட இரண்டு கையும் வேண்டியிருந்தது. அப்போதாகத்தான் இருக்க வேண்டும்.

“மேடம், வாயில வைக்கல,” என்றாள்.

“வைக்கல. அதுக்கு மார்க் போட்டிருக்கேன். பேசினதுக்கும் போட்டிருக்கேன். நல்லாப் பேசினீங்க.” மேடம் ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டார். “கடையில தைச்சு முடிச்சதும் ஊசியை என்ன பண்ணுவீங்க?”

“கீழ போடமாட்டோம் மேடம். துணியில குத்தி வைப்போம். ஊசி குத்தவே ஒரு குட்டி மெத்தை இருக்கும்.”

“ஏன்?”

“கீழ கிடந்தா யார் கால்லயாவது ஏறிடும்.”

மேடம் பெட்டியைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல யாரோ மெத்தையில குத்தி வெச்ச ஊசி, படுக்கை மாத்தும்போது எனக்கு ஏறிடுச்சு,” என்றார். “யாருக்குப் போட்ட ஊசின்னு தெரியல. ஒரு மாசம் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை, ஆறு மாசம் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் கவரைப் பிரிக்கறதுக்குள்ள உயிர் போய் வரும். இதை நான் விடமுடியாது. புரியுதா?”

புரிந்தது. புரியாமல் இருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“புரியுது மேடம்.”

“அடுத்தது.”

அடுத்தது குருவி, அவளுக்கும் இது மூன்றாவது தடவை. பிசகில்லாமல் செய்து முடித்தாள். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் அழுதாள். “என்னாலதான் அக்கா. வாயையே பாத்துட்டிருந்தோம், கையைப் பாக்கல.”

“பாஸ் பண்ணிட்டு ஏன்டி அழற.”

“இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க அக்கா. கால்ல விழுந்தாவது.”

“மூணுதான்னு முதல்லயே சொல்லிட்டாங்க. மூக்கைத் துடை.”

ஆறுதல் சொல்வதா வாங்கிக்கொள்வதா என்று தெரியாத நிலைமை அவளுக்குச் சலிப்பாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்ததுமே மகள் கேட்பதை விட்டுவிட்டாள். புருஷன் கேட்டான். அவள் சொன்னாள். அவன் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“இந்த ஒரு ஆஸ்பத்திரிதானா ஊர்ல. வேற எவ்வளவோ இருக்கு.”

“இருக்கு.”

“கடையைத் திரும்பத் தொறக்கறதுன்னாலும் சொல்லு. ஷட்டருக்கு எண்ணெய் போட்டுத் தரேன்.”

“இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

“வாயை நிறுத்தினேன்,” என்றாள். “இது இருக்கறதே எனக்குத் தெரியாது. இன்னும் என்னென்ன இருக்கோ. ஒவ்வொண்ணா ஒவ்வொரு பரீட்சையில வந்து நிக்கும். எதை எதைன்னு காவல் காக்கறது?”

“அம்மா,” என்றாள் மகள்.

“படிக்கிற வேலையைப் பாரு.”

மறுநாள் ஆறரைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பள்ளி வாசலில் ஆஸ்பத்திரி வேன் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய வகுப்புப் பெண்கள் புது வெள்ளை ஷூ போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். குருவி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். அவளும் காட்டினாள். முதல் வருடத்தைத் திரும்பப் படிக்கச் சம்மதம் என்று ஆபீஸில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு முதல் மாடிக்குப் போனாள்.

அவள் உள்ளே நுழைந்ததும் ஜூனியர்கள் எல்லோரும் எழுந்து நின்று, குட் மார்னிங் மேடம் என்றார்கள். நானும் ஸ்டூடன்ட்தான், உட்காருங்க என்றாள். சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் நம்பவில்லை. பின் பெஞ்சுகள் நிரம்பியிருந்ததால் முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் வகுப்பு. மத்தியானம் குழாயடியில் வரிசையாக நிற்கவைத்துக் கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு. அவள் முறை வந்தபோது கழுவினாள். டியூட்டர் மேடம் சரி என்று குறித்துக்கொண்டு அடுத்தவளிடம் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். வீட்டில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று கேட்டாள்.

“கை கழுவறது,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.